போகிற புரோட்டீனும் போடுகிற சோறும்

எங்கள் அலுவலகம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கப்பலேறும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிப்பது என் வேலை. எடை மேடையில் ஏறும் லாரி, காகிதத்தில் சொன்னதைவிடக் கூடுதலாகக் காட்டினால் கேட்டுக்குள்ளே விடமாட்டார்கள். டிரைவர் கெஞ்சுவார், நாங்கள் போன் மேல் போன் போடுவோம், ஒன்றும் நடக்காது. எடை என்றால் எடைதான். இந்த ஒழுங்கில் பழகிய எனக்கு, எடை கூடினால் மேளம் கொட்டாத குறையாக வரவேற்கும் இடமும் இந்த ஊரில் உண்டு என்று கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது. அது நான் வாழ்க்கைப்பட்ட வீடு.

வீடு திரேஸ்புரத்தில். மாமி, அதாவது என் மாமியார், மீன் வியாபாரி. விடியும் முன்பே கரைக்குப் போய் ஏலத்தில் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு வருவார். மாமா அந்தக் காலத்தில் சங்கு குளிக்கப் போனவர். அதில் ஒரு காது போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் பாதிதான் கேட்கும். மீதியைச் சொந்தமாக நிரப்பிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவார். என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கரையை நெருங்கி சிக்னல் கிடைத்தால் வீடியோவில் வந்து முகத்தைப் பார்ப்பார். கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒரு தடவை அழுதார். அதற்கப்புறம் குடும்பத்து வழக்கப்படி என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் விசாரித்தார்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு மாமிதான் கூட வருவார். நர்ஸ் என்னை எடை பார்க்கும்போது, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் தராசைப் பார்த்த கண். செருப்பைக் கழற்றச் சொன்ன நர்ஸிடம், செருப்பு என்ன பெரிய எடை, கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று சிபாரிசு செய்வார். திரும்பும் வழியில் ஆட்டோக்காரரிடமே அறிவிப்பு நடக்கும். போன மாசத்தைவிட நாலு கிலோ ஏற்றியிருக்கிறேன் என்பார். சுமப்பவள் நான், ஏற்றியவர் அவர். ஆட்டோக்காரரும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லா இருக்கட்டும் என்பார்.

டாக்டரம்மா முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். ரெண்டு பேருக்குச் சாப்பிடணும் என்பதெல்லாம் பழைய கணக்கு, வழக்கமாகச் சாப்பிடுவதோடு கொஞ்சம் கூட்டினால் போதும், ஏற்கெனவே எடை அதிகம், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அடுத்த தடவை சிரிக்காமல் சொன்னார். மாமி இரண்டு தடவையும் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், அந்த டாக்டரம்மாவே ஒடிசலாத்தான் இருக்கா, அவ சொல்லுத பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று வழக்கை முடித்துவிட்டார்.

இதில் என் பிறந்த வீட்டையும் சொல்லாமல் விட்டால் பாவம். அம்மா புன்னைக்காயலில் இருந்து பஸ் ஏறி வருவாள். கையில் ஆற்று முகத்துவாரத்து நண்டு இருக்கும். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, எம்புள்ள வாடிப்போயிட்டாளே என்பாள். அப்போது எனக்கு மோதிரம் கழலவில்லை, பழைய ஜாக்கெட் ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் அம்மா கண்ணுக்கு வாட்டம் தெரிந்தது. சம்பந்தி அப்படிச் சொன்ன பிறகு மாமி சும்மா இருப்பாரா? அன்று ராத்திரி சோற்றுக் குவியல் இன்னும் ஒரு சாண் உயரும். இரண்டு பெண்களின் மானப் பிரச்சினை என் தட்டில் தீர்க்கப்பட்டது.

ஐந்தாம் மாதம் முடியும்போது ரத்தக் கொதிப்பு ஏறியது. டாக்டரம்மா இரண்டு தடவை அளந்து பார்த்து, மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது என்றார். கூடவே உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் வெளியூர், பாவம். ஓட்ஸ் குடியுங்கள், புரோக்கோலி சேருங்கள், வாரம் இரண்டு நாள் சால்மன் மீன் நெருப்பில் வாட்டிச் சாப்பிடுங்கள் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தாள். திரேஸ்புரத்தில் உட்கார்ந்துகொண்டு சால்மனுக்கு எங்கே போவது என்று நான் முழித்தேன். மாமி முழிக்கவில்லை. அது நம்ம காலா மீனைத்தான் இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுதாவ என்று கண்டுபிடித்து, மறுநாளே முழங்கை நீளத்துக்கு ஒரு காலாவைக் கொண்டுவந்தார். வாட்டுவதெல்லாம் நோயாளிக்கு என்று மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தார். டாக்டர் சொன்ன மீன் என்று தெருவுக்கும் சொன்னார்.

உப்பு விஷயத்தில்தான் குடும்பம் கூடி ஆலோசித்தது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் உப்பளம். எங்கள் வீட்டுக் குசினியில் கல்லுப்பு மூட்டையாகக் கிடக்கும். வேம்பாரில் உப்பளத்தில் வேலை பார்க்கும் மாமியின் தம்பி கொண்டுவந்து போடுவது. இந்த உப்பா பிள்ளைத்தாய்ச்சியைக் கெடுக்கும்? மாமா தீர்ப்புச் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்றது பாக்கெட் உப்பை. அதில் என்னென்னவோ மருந்து கலக்கிறான். நம்ம உப்பு வெறும் கடல்தண்ணியும் வெயிலும். அன்றைக்கே வீட்டிலிருந்த ஒரே பாக்கெட் உப்பை மாமி பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தார். கல்லுப்பு வழக்கம்போல் கை நிறைய விழுந்தது. நான் டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டு, எல்லா உப்பும் ஒன்றுதானாம் என்று வந்து சொன்னேன். அந்தம்மா எந்த ஊரு என்று கேட்டார் மாமா. மேற்கே என்றேன். உப்பைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும் என்று முடித்துவிட்டார்.

கருவாடு தனி வழக்கு. உப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பொருள் அது என்று நான் வாதாடினேன். மாமி கருவாட்டை எடுத்துத் தண்ணீரில் அலசிக் காட்டினார். பாரு, உப்பெல்லாம் போயிட்டு, இப்ப இது மீனுதான் என்றார். எங்கள் கடற்கரையில் கருவாடு இல்லாத வாரம் தவக்காலத்தில்கூடக் கிடையாது. அதை நிறுத்தச் சொன்னால் ஞானஸ்நானத்தை ரத்து செய்யச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள்.

மாமாவுக்குப் பிரஷர் என்ற சொல்லில் தனி உரிமை இருந்தது. கடலுக்குள் பத்துப் பாகம் ஆழம் இறங்கியவனுக்குப் பிரஷரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பார். காது அடைக்கும், நெஞ்சு நெருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊதினால் சரியாகப் போய்விடும். காலையில் நான் மாத்திரை போடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டுவார். அவர் வருத்தப்படக் கூடாதே என்று ஒரு நாள் நானும் ஊதினேன். மாமி ரெண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் மனம்விட்டுச் சிரித்த நாள்களில் அது ஒன்று.

கணவர் தன் பங்குக்குக் கப்பலில் இருந்தே ஆன்லைனில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி அனுப்பினார். எனக்கு வந்த மிஷின் மூன்றாம் நாளே தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. சாயங்காலம் மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்ததும் பெண்கள் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள். மாமி பட்டையைக் கட்டி, பொத்தானை அமுக்கி, எண்ணைப் பார்த்து, இவளுக்குக் கோபம் அதிகம், அவளுக்கு ரத்தம் பத்தாது என்று பலன் சொல்வார். என் முறை கடைசியில் வரும். சில நாள் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஏழாம் மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாக நின்றது. மாமி அதற்கு ஏற்கெனவே நீர் இறங்கியிருக்கு, ஆம்பளப் புள்ளதான் என்று பலன் சொல்லி முடித்திருந்தார். சிறுநீர்ப் பரிசோதனைத் தாள் வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தே நிதானமாகப் பேசினார். யூரின்ல புரோட்டீன் போகுது, இது நல்லதில்லை, பிரஷரோட சேர்ந்து வந்தா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து என்றார். வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். தாங்காத தலைவலி வந்தாலோ, கண்ணில் பூச்சி பறந்தாலோ, மேல்வயிறு வலித்தாலோ, எந்த நேரம் என்று பார்க்காமல் ஓடி வரணும் என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வரும்வரை வயிற்றின்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

அவ்வளவு நேரம் பேசியதில் மாமி காதில் விழுந்தது ஒரே வாக்கியம். புரோட்டீன் போகுது. போனால் என்ன செய்ய வேண்டும்? உள்ளே போட வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஒழுகினால் மோட்டாரைப் போடுகிற மாதிரி இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா? மீன் வியாபாரி வீட்டு மருமகளுக்குப் புரோட்டீன் பத்தவில்லை என்று வெளியே தெரிந்தால் கரையில் தலைகாட்ட முடியுமா? மாமி அன்று சாயங்காலம் எனக்கு முன்னால் உட்கார்ந்து, வழி கண்டுபிடித்துவிட்டவரைப்போல் சொன்னார்.

"ஏளா, நீ கவலப்படாத. போவுத புரோட்டீன் ஒரு பக்கம் போவட்டு. நான் போடுதது அதுக்கு மேல இருக்கும்."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு முட்டுகிறது. காலையில் அவித்த முட்டை. பத்து மணிக்கு நெத்திலி. மத்தியானம் சீலாவோ விளையோ எது ஏலத்தில் நன்றாக இருந்ததோ அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற பால்சுறாப் புட்டு எனக்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. அம்மாவுக்குச் செய்தி எட்டி, அங்கிருந்து நண்டு இரட்டிப்பாக வந்தது. தெருவும் சேர்ந்துகொண்டது. ஒருத்தி மக்ரூன் வாங்கி வந்தாள். நான் இனிப்பு வேண்டாம் என்றேன். அதுல முட்டை வெள்ளைக்கருதான இருக்கு, எண்ணெய் உண்டா, உப்பு உண்டா என்று கேட்டாள். தூத்துக்குடியில் மக்ரூனை மருந்துக் கடையில் வைத்து விற்காததுதான் பாக்கி.

நான் வாயில்லாப் பூச்சி அல்ல. கத்தினேன். புரோட்டீன் குறைந்ததால் போகவில்லை, சிறுநீரகம் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறது, மேலே போட்டால் நிற்காது என்று போனில் படித்துக் காட்டினேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, கோவப்படாத, பிரஷர் ஏறும் என்றார். பிறகு தட்டில் இன்னும் ஒரு துண்டு வைத்தார். அன்பை எதிர்த்து வாதாடி ஜெயித்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. துறைமுகத்தில் சுங்கத்துறையோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அது எவ்வளவோ மேல்.

வளைகாப்பு வைத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து, வளையல் போட்டு, என்னைப் புன்னைக்காயலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஏற்பாடு. பந்தலும் அழைப்பும் முடிந்துவிட்டன. முந்தின நாள் மத்தியானம் எனக்குத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை. நெற்றிக்குள்ளே யாரோ குத்துகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நாளைக்கு விசேஷம், வாசலில் பாத்திரமெல்லாம் வந்து இறங்கியிருக்கு, தெருவே பார்த்து வயிறெரிஞ்சிருக்கு, இது கண்ணுதான் என்றார் மாமி. அம்மாவும் முந்தின நாளே வந்திருந்தாள். எதிலும் ஒத்துப்போகாத சம்பந்திகள் இரண்டு பேரும் திருஷ்டியில் ஒத்துப்போனார்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னால் கை வராத வீட்டில், தலையைச் சுற்ற உப்புக்கு என்ன பஞ்சம்? ஒரு கை கல்லுப்பு, ஏழு மிளகாய் வத்தல், தெருமண். மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார் மாமி. உப்பு வெடித்த சத்தத்தைக் கேட்டு, எம்புட்டுக் கண்ணு பாத்தியா என்றாள் அம்மா. பிறகு மாதா கோயில் எண்ணெயை நெற்றியில் தடவினார்கள். சொல்லப்போனால் ராத்திரி தலைவலி கொஞ்சம் குறைந்தது. அதனால்தான் எல்லாமே கெட்டது. குறையாமல் இருந்திருந்தால் நானே ஆட்டோவில் ஏறியிருப்பேன்.

மறுநாள் உபதேசியார் வந்து செபம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பட்டுச் சேலை, கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி வரை கண்ணாடி வளையல். ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். புளியோதரையோ தேங்காய்ச் சோறோ, எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஊட்ட வருகிறவர்களின் முகத்தில் மத்தாப்பு விழுகிற மாதிரி பொறிகள் தெரிந்தன. முதலில் பந்தல் விளக்கு என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். மூடியும் பொறி பறந்தது.

மிஷினைக் கொண்டுவரச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யார் குரலோ போல் கேட்டது. பட்டையைக் கட்டினார்கள். நூற்று எண்பதுக்கு மேல் காட்டியது. மாமி எண்ணைப் பார்த்தார். பிறகு மிஷினைத் திருப்பிப் பார்த்தார். தெரு பூராத்துக்கும் போட்டுப் போட்டுக் கெட்டுப்போச்சு என்றார். கெட்டுப்போனதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, மற்றவர்களுக்குப் போட்டுப் பார்ப்பது. பந்தலில் ஆளுக்கா குறைவு? அம்மாவுக்குப் போட்டார்கள், சரியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டார்கள், சரியாக இருந்தது. மாமா தானாகவே கையை நீட்டினார். அவருக்கும் இருக்க வேண்டிய அளவு இருந்தது. ஊட்டிய கையைக் கழுவாமலே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலை பிளந்துகொண்டிருந்தது. என் பிள்ளை போய்விடும் என்று எனக்கு அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

மறுபடி என் கையில் கட்டினார்கள். முன்னைவிட ஏறியிருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, மிஷினை மெதுவாகக் கீழே வைத்தார். நான் எழுந்து வாசலுக்கு நடந்தேன். பந்திக்கு உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. பெரியாஸ்பத்திரிக்கு."

அவர் இலையை மூடாமலே எழுந்து வந்தார். மாமியும் அம்மாவும் என் இரண்டு பக்கமும் ஏறினார்கள். விருந்தில் பாதியில் எழுந்து போனால் அபசகுனம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி ஏற்ற வளையலைக் கழற்றச் சொன்னார். சற்று முன்புதான் போட்டது, பிரசவம் வரை கழற்றக் கூடாது என்றாள் அம்மா. கழற்றலேன்னா பிரசவமே இருக்காதும்மா என்று நர்ஸ் முகத்தைத் தூக்காமல் சொன்னார். வீங்கிய கையிலிருந்து வளையல் கழலவில்லை. மாமி என் கையைக் கட்டில் கம்பியில் வைத்து, தன் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்தார். ஒரு துண்டுகூட என்மேல் படவில்லை. அவர் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

வலிப்பு வந்துவிடக் கூடாது என்று ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. குழந்தையின் நுரையீரலுக்கும் ஒரு ஊசி. பிரஷரை இறக்கப் பார்த்தார்கள், அது இறங்கி இறங்கி ஏறியது. இனி உள்ளே வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எனக்கு ஒரு கணம் காட்டிவிட்டுக் கொண்டுபோனார்கள். அழுத மாதிரி இருந்தது. பூனைக்குட்டிச் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

எடை ஒரு கிலோவும் கொஞ்சமும். ஒரு நடுத்தர விளை மீன் அதைவிடக் கனக்கும். இதைச் சொன்னது நான் இல்லை. குழந்தையை வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த மாமி சொன்னது. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த எடை அதுதான். என் கட்டில் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நான் போட்ட சோறெல்லாம் எங்களா போச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக அடக்கி வைத்த பேச்செல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. இவனச் சுமந்தப்ப கடல்ல மீன் இல்ல, வீட்டுல அரிசி இல்ல, கஞ்சித் தண்ணியும் துவையலும்தான் என்று என் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். வாய்க்கு ருசியாக ஒரு துண்டு மீன் தர ஆளில்லாமல் அழுதிருக்கிறார். தன் வீட்டுக்கு வருகிறவள் அப்படி அழக் கூடாது என்று அப்போதே நினைத்திருக்கிறார். கஞ்சி குடித்துப் பெற்ற பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தான். மீனும் முட்டையுமாகத் தின்றவளுக்கு உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. இந்தக் கணக்கு அவருக்கு எப்படிப் போட்டாலும் வரவில்லை. நானும் அழுதேன். அவர் மேல் இருந்த கோபம் அப்போதும் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் மாமியே எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். இந்தக் காலத்து டாக்டர்கள் இப்படிக் கேட்டால் எரிந்து விழுவார்கள். அவர் நின்று பதில் சொன்னார். இந்த வியாதியில் தாயிடமிருந்து பிள்ளைக்கு ரத்தம் போகிற பாதை குறுகிவிடும். நீங்க என்ன போட்டாலும் அது தாய் உடம்போட நின்னுரும், பிள்ளைக்குப் போய்ச் சேராது. சோறு போட்டதால வியாதி வரல, சோறு போட்டு அதைத் தீர்க்கவும் முடியாது. தலைவலின்னு சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க மாட்டீங்க.

மாமி சரிங்கய்யா என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டரின் பேச்சுக்குத் திரேஸ்புரத்தில் மறு விசாரணை நடக்கவில்லை.

குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. பாலுக்கு மூக்கு வழியாக ஒரு குழாயும் மூச்சுக்கு இன்னொரு குழாயும் விட்டிருந்தார்கள். நான் பீய்ச்சித் தருகிற பாலை ஊசிக்குழாயில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதை நர்ஸ் சொட்டுச் சொட்டாக இறக்குவார். என்னால் எழுந்து நடக்க முடியவில்லை. மாமி கொண்டுபோனார். தலையில் முழுக் கூடை மீனோடு கையை வீசிக்கொண்டு சந்தைக்குள் நுழைகிறவர், ஒரு ஸ்பூன் பாலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எதிரே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லி, சுவரோரமாக நடந்தார். திரும்பி வந்ததும், கக்கல, உள்ள தங்கிட்டு என்று சொல்வார். அடுத்த வேளை வரை அந்த ஒரு சேதியில் நாங்கள் உயிரோடிருந்தோம்.

பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். வளைகாப்புச் சோறு மிஞ்சிப்போன கதையைச் சொன்னார்கள். என் கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோவில் வந்து கண்ணாடிக்குள் தெரிந்த சிறு உருவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முகத்தை மூடிக்கொண்டார். மாமா வெளியே வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து பார்க்கத் தைரியம் இல்லை.

மூச்சுக்கு வைத்த குழாய் இல்லாமல் குழந்தை தானாக மூச்சு விட ஆரம்பித்த அன்று, தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பார்க்க வந்தால் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள், அடுத்து எடை. அது மரியாதை. அவளும் என் முகத்தை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, மாமி பக்கம் திரும்பி, புள்ள எத்தன கிலோ மயினி என்று கேட்டாள்.

மாமி ஊசிக்குழாயை வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கிலோ கெடக்கட்டு. மூச்சு விடுதா இல்லையான்னு கேளு. விடுது."

மாமி குழாயை உதறித் துடைத்துக்கொண்டு, அடுத்த வேளைப் பாலுக்காக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.